மாமாவுக்கு எதிர்க்கட்சியில் ஒரு ஜோடி

ஸ்கார்டேல், யார்க்‌ஷயர்.
மே மாதம், சனிக்கிழமை.

மரியாதைக்குரிய டோரீன் பெரியம்மாவுக்கு, தங்கை மகன் கீரன் எழுதிக்கொள்வது. நியூசிலாந்தில் உங்கள் முழங்கால், பெரியப்பாவின் செம்மறிகள், போன வருஷம் வாங்கிய தண்ணீர் ஹீட்டர் மூன்றும் ஒழுங்காக இயங்குகின்றன என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உங்கள் தம்பி எல்லிஸ் மாமாவும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை உண்மையாக்குவதற்கு எனக்கு ஒரு வியாழக்கிழமை முழுவதும் செலவாயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்; சொன்னால் முதலில் அழுவீர்கள், பிறகு திட்டுவீர்கள், பிறகு உங்கள் ஊரில் மழையா என்று கேட்பீர்கள், விஷயம் முடியாது. தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில், நீங்கள் இரண்டு கோடு போட்டுக் கேட்டிருந்த கேள்வி. எல்லிஸ் மாமா லவினியா அம்மையாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாரா? இல்லை. அந்த அம்மையார் அவருடைய ஜோடி; ஆனால் நீங்கள் நினைக்கிற ஜோடி இல்லை. மாமா நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி. அவர் பழமைவாதக் கட்சி, அரசியார் கையால் பட்டம் வாங்கியவர். இவரால் ஒரு நாள் ஓட்டெடுப்புக்கு வர முடியாவிட்டால் அன்றைக்கு அவரும் ஓட்டுப் போட மாட்டார். இந்தப் பக்கம் ஒன்று குறையும், அந்தப் பக்கம் ஒன்று குறையும், யாருக்கும் நஷ்டமில்லை. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். பதினெட்டு வருஷம் இப்படி இருந்திருக்கிறார்கள். உங்கள் அம்மா இறந்து மாமா இங்கே அடக்கத்துக்கு வந்த அன்று லண்டனில் பெரிய ஓட்டெடுப்பாம். கட்சிக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட, அம்மையார் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவித்த முட்டை சாப்பிட்டாராம். அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்த அன்று, மாமா நாலு வருஷமாகக் காத்திருந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடாமல் நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் படித்தாராம். இரண்டு பேரும் ஓய்வு பெற்றார்கள், அவருடைய கணவர் போனார், ஒரு நாள் பார்த்தால் அம்மையார் மாமா வீட்டுக்கு நேர் எதிர்வீட்டை வாங்கிக் குடிவந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஹெப்பிள் ஓட்டுக்கு எதிர் ஓட்டு அதே வார்டுல இருக்கணும் தம்பி. இல்லேன்னா அந்த மனுஷர் பாட்டுக்கு ஜெயிச்சுக்கிட்டே இருப்பாரு" என்றார். மாமாவை அவர் ஹெப்பிள் என்று குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் கைகோத்துக்கொண்டு தேவாலயக் கூடத்துக்கு நடந்துபோய், ஒருவர் ஓட்டை ஒருவர் வெட்டிவிட்டு, இஞ்சி கேக்கும் டீயும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். "ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்தாலும் விடை அதேதானே?" என்று ஒரு தடவை கேட்டேன். நாளைக்கு மறுபடி அழுக்காகும் உடம்பை இன்றைக்கு ஏன் குளிப்பாட்ட வேண்டும் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது வால்வு. வால்வு, பாய்லரும் குழாயும் பழுது பார்க்கிற எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாமாவின் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வில் சுண்ணாம்பு படிந்து திறக்க மறுக்கிறது. பத்து வருஷம் சர்வீஸ் செய்யாத பாய்லரில் தினமும் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் அதைப் படத்தில் காட்டியபோது "கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்றேன், டாக்டரும் "அதேதான்" என்றார். மார்பைத் திறக்காமல் தொடை வழியாகக் குழாய் விட்டு மாட்டுவார்களாம். முதல் தேதியில் மாமாவுக்குச் சளி. இரண்டாம் தேதியை ஆஸ்பத்திரியே தள்ளிப்போட்டது. மூன்றாவது தேதி இந்த வியாழக்கிழமை. இதையும் விட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசை நகர்ந்து வரும்வரை இந்த வால்வு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வியாழக்கிழமைதான் நகராட்சித் தேர்தல்.

புதன்கிழமை சாயங்காலம் மாமா சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வரலடா."

"மாமா, இது வால்வு. கேஸ்கெட் இல்ல, டேப் சுத்தி ஓட்டறதுக்கு."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அவ ஓட்டு எதிர்ப்பில்லாம நிக்கும். ஸ்கார்டேல்ல ஒரு பழமைவாத ஓட்டு தன்னந்தனியா நிக்கறதுக்கா நான் அறுபது வருஷம் கட்சிக்கு உழைச்சேன்?"

"நீங்க செத்துப்போனா இனிமே எல்லாத் தேர்தல்லயும் தன்னந்தனியாத்தான் நிக்கும்."

"அதனாலதான் அவள முன்னாடி போகச் சொல்லிக்கிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்கறா" என்றார் மாமா.

அம்மையார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார், ஊதா நிறத் தொப்பியும் கைத்தடியுமாக. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார்.

"ஹெப்பிள், நாளைக்கு ஜோடி. நீங்க போடல, நானும் போடல. சந்தேகமிருந்தா நானே கூட வர்றேன், சாவடி மூடற வரைக்கும் உங்க கண்ணெதிரிலேயே உக்காந்திருக்கேன்."

மாமா எழுந்து கை குலுக்கினார். அவ்வளவுதான். நான் மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது ஒரு கைகுலுக்கலில் நடந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. என் வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம்; பின்னால் குழாய்களும் ஸ்பானர்களும் ஒவ்வொரு வளைவிலும் சலசலவென்று பேசிக்கொண்டு வந்தன. தேவாலயக் கூடத்தைத் தாண்டும்போது வாக்குச்சாவடிப் பலகை மட்டும் பனியில் கால் இல்லாமல் மிதந்தது. வாசலில் கட்டியிருந்த இரண்டு நாய்கள் எசமானர்களுக்காகக் காத்திருந்தன. மாமாவும் அம்மையாரும், மிட்டாய்க் கடையைத் தாண்டும் சர்க்கரை நோயாளிகள்போல், ஒரே சமயத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். மேட்டில் ஏறினதும் பனி கீழே தங்கிவிட்டது; ஸ்கார்டேல் இருந்த இடத்தில் பால்தான் இருந்தது, ஒரு புகைபோக்கிகூட இல்லை. நான் வேகமாகப் போகிறவன், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு என்னவோ வேன் தானாகவே மெதுவாகிவிட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் எதற்கும் வருஷம் சொல்ல மாட்டார் இல்லையா, அப்போதைய பிரதமரின் பெயரைத்தான் சொல்வார். "இந்த ரோடு போட்டது மக்மில்லன் காலத்துல. உங்கம்மாவ இந்த மேட்டுலதான் சைக்கிள்ல உக்கார வெச்சுத் தள்ளினேன், அது வில்சன், முதல் தடவை. அப்புறம் ஹீத் வந்தாரு, கரண்ட் போச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல உங்கம்மா பாடம் படிச்சா. அதனாலதான் கடைசி வரைக்கும் எரியற லைட்டப் பாத்தா அணைச்சுக்கிட்டே போவா." அம்மா விளக்கை அணைத்துக்கொண்டே போவது எனக்கு நினைவிருக்கிறது, காரணம் ஹீத் என்று அன்றைக்குத்தான் தெரியும். லண்டனில் யாரோ எடுத்த முடிவு ஒரு சிறுமியின் விரல் நுனியில் போய் உட்கார்ந்து, நாற்பது வருஷம் கழித்து நான் குளியலறையில் இருக்கும்போதே விளக்கை அணைத்திருக்கிறது. "எங்க கட்சி அந்தாளைப் பிரதமரா ஆக்கினதுக்கு நான் இப்ப உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?" என்றார் அம்மையார், அவரும் கண்ணை மூடியபடியே. "வேண்டாம், பியானோ நல்லா வாசிப்பாரு" என்றார் மாமா. எனக்கு இரண்டு பேருமே தூக்கத்தில் பேசுகிறார்களோ என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில்தான் சனியன் பிடித்தது. மரிசெல் என்று ஒரு நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரப் பெண், மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்து ஒரு படிவத்தோடு வந்தாள். வயசானவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிற கேள்விகள். இது என்ன வருஷம்? சொன்னார். இருபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணுங்கள். எண்ணினார். அரசர் பெயர்? சொன்னார், "நான் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்ல" என்பதையும் சேர்த்து.

"இப்ப நம்ம பிரதமர் யாருங்க ஐயா?"

"திடீர்னு கேட்டா எப்படிம்மா? வரிசையா வரணும்."

"கடைசிப் பேரு மட்டும் போதுங்க ஐயா."

மாமாவுக்குப் போதவில்லை. "அட்லி. அவர் ஆட்சியிலதான் எங்கம்மாவுக்குச் சும்மா மூக்குக்கண்ணாடி குடுத்தாங்க. அதுவரைக்கும் அவங்க என் மூஞ்சியச் சரியாப் பாத்ததே கிடையாது. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாங்க, அழுதாங்க. இதோ நீ நிக்கற இந்த ஆஸ்பத்திரியும் அப்ப வந்த ஏற்பாடுதான். அப்புறம் சர்ச்சில், ரெண்டாம் தடவை. ஈடன், கால்வாயில கவுந்தாரு. மக்மில்லன். ஹியூம். வில்சன், எப்பவும் வாயில புகை பைப்பு. ஹீத். மறுபடி வில்சன், நான் சபைக்குள்ள நுழைஞ்சப்ப அவர்தான். காலஹன்."

நின்றுவிட்டார்.

மரிசெல் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி மறுபடி ஏறி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அடுத்து யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த ஆட்சி நம் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தை மூடி ஆயிரத்து நூறு பேரை வீட்டுக்கு அனுப்பின வருஷம், இந்த வாயால் அந்தப் பெயரை இனிச் சொல்வதில்லை என்று சுரங்க வாசலில் நின்று சத்தியம் செய்தவர் மாமா. நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் டீ குடிக்கப் போனால், கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் பெயருக்குரியவரின் படத்தை அம்மையார் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். இவர் வீட்டு அட்லி படத்தை மட்டும் அம்மையார் திருப்பச் சொல்வதில்லை. "அவர் அதிகம் பேசாதவர், இருக்கட்டும்" என்பார்.

மரிசெல் படிவத்தில் ஏதோ எழுதினாள். மயக்கமருந்து டாக்டர் வந்து படித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதோட நினைவு அறுந்துபோவுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. இப்படி இருந்தா அவர் குடுக்கற சம்மதம் செல்லுமான்னே பாக்கணும். இன்னிக்கு வேண்டாம், தள்ளி வெச்சுக்கலாம்."

"டாக்டர், அது மறதி இல்ல. கொள்கை."

"கொள்கைக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே."

தாழ்வாரத்தில் ஓடினேன். அம்மையார் காத்திருக்கும் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தேன். நான் பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க நிக்கறீங்க ஹெப்பிள்? எழுபத்தொன்பதா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார். வாயை இறுக்க மூடியிருந்தார், குழந்தைக்கு மருந்து கொடுக்கிறபோது மூடுவதுபோல.

அம்மையார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, சபையில் நிற்பதுபோல் நின்று, "மார்கரெட் தாட்சர்" என்றார். அவர் குரல் நடுங்கியது; அவருக்கு அது சாமி பெயர் மாதிரி. மாமா கூரையைப் பார்த்தபடி, "பதினோரு வருஷம், ஆறு மாசம்" என்றார். அப்புறம் தடை நீங்கின குழாய்போல் வந்தது பாருங்கள்: மேஜர், பிளேர், பிரவுன், கேமரன் என்று ஒரே மூச்சில் இறங்கி, நான் ஒரு பாய்லருக்கு உதிரிபாகம் கேட்டு எழுதிப் போட்டு அது வந்து சேர்வதற்குள் ஒரு பிரதமர் வந்து போனாரே, அவரையும் விடாமல் சொல்லி, இன்றைக்கு இருப்பவரில் வந்து நின்றார். "பேரு சொல்லிட்டேன். அவரப் பத்தி என் அபிப்பிராயமும் வேணுமா?"

"வேண்டாங்க ஐயா, ரத்த அழுத்தம் ஏறிடும்" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நேரம் ஒரு தினுசாக ஓடியது, பெரியம்மா. நான் கடிகாரம் பார்த்து வேலை செய்கிறவன். அன்றைக்குக் கடிகாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவி பறக்கும் டீயை வாங்கி வைத்தேன், குடிக்கப் போனால் ஆறியிருந்தது, எப்போது ஆறியது என்று தெரியவில்லை. வெள்ளை ஜன்னல், வெள்ளைச் சுவர், எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே தூரமாகிக்கொண்டிருந்தது. எண்ணெய் போட வேண்டிய சக்கரம். எழுந்துபோய்ப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்தில் அம்மையார் பேசினாரா, நான் கனவு கண்டேனா, இரண்டும் கலந்துதான் நினைவிருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆற்றைப் பார்த்த தாழ்வாரம் ஒன்று உண்டாம். ஓட்டெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடுவார்களாம். ஜோடி போட்ட நாளில் எல்லாரும் தடதடவென்று ஓடி முடித்த பிறகு அந்தத் தாழ்வாரத்தில் தண்ணீர் வெளிச்சம் மட்டும் கூரையில் ஆடிக்கொண்டிருக்குமாம். "அந்த எட்டு நிமிஷந்தான் தம்பி நான் அந்தக் கட்டடத்துல சந்தோஷமா இருந்தது" என்றார்.

எனக்கு இரக்கமாகப் போயிற்று. "பஸ் இருக்கு அம்மா. நீங்க போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் காலணி நாடாவைக் கட்டக் குனிந்துவிட்டேன். "சுவத்துக்குள்ள போற குழாயை யாரும் பாக்கமாட்டாங்கன்னு மட்டமா பொருத்துவியா?"

பொருத்த மாட்டேன். என் தொழிலில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மரிசெல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "வால்வு கச்சிதமா உக்காந்துடுச்சு. அரைத் தூக்கத்துல இருந்தாருங்க ஐயா. மெஷின் சத்தம் கேட்டு 'மணி அடிக்குது, மணி அடிக்குது, எட்டு நிமிஷம்தான்'னாரு. எழுந்திரிக்கப் பாத்தாரு. அப்புறம் அவரே 'இல்ல, இன்னிக்கு ஜோடி'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாரு. அது என்ன ஜோடி? அந்தம்மாவா?" இவளும் உங்களைப்போலவே கேட்டாள்.

மாமா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றி இல்லை. "அவ போனாளா?"

"இல்ல மாமா. காலையில உக்காந்த நாற்காலியிலயே இருக்காங்க."

மாமாவின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "நல்லவடா அவ. நான் அவளுக்கு ஈடே இல்ல" என்றார். உள்ளே வந்த அம்மையார் அதைக் கேட்டுவிட்டுத் தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்க ஹெப்பிள், தயவுசெஞ்சு சொல்லாதீங்க" என்றார். மூன்று பேரும் அப்படியே இருந்தோம், ஜன்னலில் பனி வெயிலாக மாறும்வரை.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பஸ் நிலையத்துக் கழிப்பறையை மறுபடி திறப்பேன் என்று நின்ற சுயேச்சை முந்நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்துவிட்டார். இவர்கள் இரண்டு பேர் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒரு துளி வித்தியாசம் இல்லை. போன மாதம் என்றால் அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா, நான் அரசியல்வாதிகளை நம்புகிறவன் இல்லை. இருபத்தொன்பது வயசாகிறது, ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில், எந்தப் பயனும் இல்லாத ஒரு வார்த்தைக்காக, உயிரையும் ஒரு முழு நாளையும் பணயம் வைக்கிற இரண்டு பேர் இந்த நாட்டில் மிச்சமிருக்கிறார்கள். இரண்டு பேரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் நானும் போய் நிற்கப்போகிறேன் அந்த வரிசையில்.

மாமா நேற்று வீடு திரும்பி, இரண்டு மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டி, என்னிடம் திட்டு வாங்கினார். உங்களுக்கு அன்பைச் சொல்லச் சொன்னார். பெரியப்பாவுக்கு என் வணக்கம். ஹீட்டரை வருஷம் ஒரு தடவை சர்வீஸ் செய்யுங்கள். உங்கள் வீட்டு வெந்நீரும் வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும்.

பணிவுடன்,
கீரன்

பின்குறிப்பு: மூன்று வாரம் ஆகிவிட்டது. தபால்தலை வாங்க மறந்து, கடிதம் வேன் டாஷ்போர்டிலேயே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் இன்று காலை மாமா வீட்டுக்கு நகராட்சியிலிருந்து ஓர் உறை வந்தது. கண்ணாடியைக் காணோம், படித்துச் சொல்லுடா என்றார். படித்தேன். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே தபாலில் ஓட்டுப் போட்டுவிடலாமாம். ஓட்டே போடாத எனக்கு அது தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரி தேதி தெரிந்த அன்றே விண்ணப்பித்து, கைகுலுக்குவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு அனுப்பியிருக்கிறார். புதன்கிழமை பிடித்த அடமெல்லாம் அம்மையார் ஓட்டை நிறுத்தத்தான். "தங்கள் தபால் ஓட்டில் உள்ள கையெழுத்து எங்கள் பதிவோடு பொருந்தாததால் எண்ணப்படவில்லை" என்று இருந்தது. பழைய பழக்கத்தில் கையெழுத்துக்குப் பின்னால் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று சேர்த்துப் போட்டுவிட்டாராம். "அவகிட்ட சொல்லிடாதடா. பாவம், அவ வார்த்தை தவறாதவ" என்றார்.

தெருவைக் கடந்தேன். அம்மையார் வாசலிலேயே நின்று என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் கையிலும் அதே உறை. அவரும் ஒரு வாரம் முன்பே அனுப்பியிருக்கிறார். இவருடையது எண்ணப்படாததற்குக் காரணம் பிறந்த தேதி: விண்ணப்பத்தில் உண்மையைப் போட்டிருக்கிறார், ஓட்டோடு சேர்த்து அனுப்புகிற படிவத்தில், முப்பது வருஷமாக நாடாளுமன்றக் கையேட்டில் அச்சாகிவந்த, ஐந்து வயசு குறைந்த தேதி தானாக வந்து விழுந்துவிட்டது. "ஹெப்பிளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு தம்பி. அப்படி ஒரு நேர்மையான மனுஷர்" என்றார்.

ஆக, சொன்னபடியே அன்றைக்கு இரண்டு பேர் ஓட்டும் விழவில்லை. இந்த இரண்டு ரகசியத்தையும் ஒரே தெருவில் வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியாது, பெரியம்மா. நியூசிலாந்து போதுமான தூரம் என்று தோன்றுகிறது. அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.